தண்ணீர் இருக்கும் இடம்

சிம்பாங் பூலாயில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் சப்பாத்து காலில் ஏறவில்லை. மனைவி குனிந்து என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"தண்ணி ஏறிருச்சுங்க," என்றாள்.

அப்படியானால் குடிப்பதைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தண்ணீரும் பால் சேர்க்காத தேநீரான தே ஓவும் பாதியாகின. கால் வீக்கம் வற்றவில்லை, முகமும் சேர்ந்து வீங்கியது. வாயோ காய்ந்து ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் தண்ணீர், ஆனாலும் தாகம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கீழே இறங்கியபோது கண் இருட்டியது. பள்ளி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஈப்போ மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு வந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்.

"அங்கிள், ஒங்க ரத்தத்துல தண்ணி பத்தல," என்றார்.

மனைவி போர்வையை விலக்கி என் காலைக் காட்டினாள். "இம்புட்டு இருக்கே டாக்டர்?"

"அது ரத்தக் குழாய்க்கு வெளிய இருக்கு ஆன்ட்டி." டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "ஒடம்பு பூரா முடியவிடச் சன்னமான குழாய்ங்க இருக்கு. அதுலருந்து தண்ணி சதைக்குள்ள கசியும். எல்லாருக்கும் அப்படித்தான், சத்து அது வழியாத்தான் போவுது. ரத்தத்துல உள்ள புரதம்தான் தண்ணிய அளவுக்கு மேல வெளிய விடாம பிடிச்சு வைக்கும். மீறிக் கசியறத வேற குழாய்ங்க திரும்பக் கொண்டாந்து சேர்க்கும். அங்கிளுக்கு அந்தப் புரதம் கிட்னி வழியா ஒழுகிப் போயிருது. பிடிச்சு வைக்க ஆள் இல்ல. தண்ணி வெளியவே தங்கிருது."

தலையாட்டினேன். அவர் போனதும், கையில் ஏறும் புரத பாட்டிலையும் அதன் பின் போடப்போகும் நீர் பிரியும் ஊசியையும் மனைவி மாறி மாறிப் பார்த்தாள்.

"தண்ணி பத்தலன்னு சொல்லிட்டு, எதுக்குங்க இருக்குறதையும் எறக்குறாங்க?"

எனக்கும் அதே கேள்விதான். புரதம் வெளியே தேங்கிய தண்ணீரை ரத்தத்துக்குள் இழுத்த பிறகுதான் ஊசி மிச்சத்தைச் சிறுநீராக இறக்குகிறது என்பது பின்னால்தான் விளங்கியது.

மறுநாள் அவள் ஒரு டப்பா நிறைய அவித்த முட்டை கொண்டுவந்தாள். போன புரதத்தைச் சாப்பிட்டே நிரப்பிவிடலாம் என்பது அவள் கணக்கு.

"ஓட்டை அடையாம ரொப்ப முடியாதுலா ஆன்ட்டி," என்றார் டாக்டர். "அளவா சாப்பிடட்டும். உப்பத்தான் கொறைக்கணும்."

"அப்ப ஹுத்தான் மெலிந்தாங்லருந்து எங்க அக்கா குடுத்துவிட்ட கருவாடு?"

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கிட்னி என்று கேட்டபோதுகூட மனைவியின் முகம் அவ்வளவு வாடவில்லை.

கிட்னிக்கான மாத்திரைகள் மெதுவாகத்தான் வேலை செய்தன. வீக்கம் இறங்க இறங்க, அடியில் இருந்த என் கால்கள் குச்சிகளாக வெளிவந்தன. சதை போட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன், உண்மையில் மெலிந்துகொண்டிருந்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தபோது சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று, கருவாடு கொடுத்துவிட்ட அக்கா போன் செய்தார். மனைவி விளக்க ஆரம்பித்தாள். "ரத்தம் ஒழுகுதுக்கா... இல்ல, தண்ணி. இல்லக்கா, புரதம் ஒழுகுறதுனால தண்ணி..." பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா," என்றேன், "இப்ப பரவால்ல."