மேல்வீட்டுக்காரர் தின்றவை

அந்தச் சரக்குக் கிடங்கின் கூரைக்கு அடியில், தண்டவாளம் மாதிரி போட்ட இரும்பின் மேல் ஓடுகிற பெரிய கிரேன் ஒன்று உண்டு. அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவருக்கு வேலையிடம். காலையில் ஏணியில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். கீழே வேலை செய்கிறவர்கள் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாடகை கேட்கக்கூட இறங்காத வீட்டுக்காரர் என்று ஒரு கிண்டலும் ஓடிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டையும் கூண்டிலேயே முடித்துக்கொள்வார். முட்டி வலிக்கிறது, ஏறி இறங்க முடியாது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. கீழே இறங்கினால் எந்த பெஞ்சில் போய் உட்காருவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான் சங்கதி. மனைவி இருந்தவரை நாலு பேர் இருக்கிற இடத்துக்கு அவள் முன்னால் போவாள், இவர் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். யாரிடம் என்ன விசாரிக்க வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் போய்ச் சேர்ந்த பிறகு பை மட்டும் இவர் கையில் இருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சமா? பாலில் ஏடு ஆகாது. மீனில் தலை ஆகாது. முட்டையில் மஞ்சள் கொஞ்சம் இளகியிருந்தால் ஆகாது. கத்திரிக்காயில் புழுவின் நிழல் தெரிந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். நண்டும் இறாலும் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதே கிடையாது. "உங்களுக்குச் சமைக்கிறதுக்கு நாலு யானைக்குச் சமைச்சுப் போட்டுடலாம்" என்று முனகிக்கொண்டே அவள் ஏட்டை வடிகட்டி எடுப்பாள். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் வண்டுக்கும் பூச்சிக்கும் வாயைத் திறந்தார். நம்பாமல் போனால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

ஒருநாள் மதியம் கூண்டுக்குள் ஏதோ ஒயர் கருகி நாற்றம் வந்தது. மெக்கானிக் ஏறிவந்து, நீங்கள் இருந்தால் வேலை ஆகாது என்று இவரை இறக்கிவிட்டார். சாப்பாட்டு நேரம். கிடங்கின் ஓரத்தில் நீள மேஜை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். திசைக்கொருவராகப் பிழைக்க வந்த கூட்டம் அது. ஒருவர் டப்பாவில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாத சாப்பாடாக இருக்கும். இவர் தன் டப்பாவை வைத்துக்கொண்டு தூணோரம் நின்றார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

கயிற்றுக்காரர்தான் முதலில் பார்த்தார். பெட்டிகளுக்கு வடக்கயிறு மாட்டி, கீழே நின்று கையைக் காட்டுகிறவர் அவர். அவர் கை என்ன சொல்கிறதோ அதன்படிதான் மேலே கிரேன் நகரும். இத்தனை வருஷமாக அந்தக் கையைப் பார்த்து வேலை செய்திருக்கிறாரே தவிர, அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தது இவருக்கு அன்றுதான்.

கயிற்றுக்காரர் முன்னால் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. அவர்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய வறுத்த வெட்டுக்கிளி.

"என்ன மேல்வீட்டுக்காரரே, கீழ்வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஆகுமா?" என்று ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"அவரை ஏன்யா படுத்துற? மனுஷன் பயந்து மறுபடி ஏணியில ஏறிடப் போறாரு" என்றாள், சாமான்களைக் கட்டி ஒட்டுகிற அட்டைப்பெட்டி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கினால் அவரவர் தட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று இவருக்குத் தெரிந்தது. அதனால்தான் கையை நீட்டினார். வேறு காரணம் எதுவும் இல்லை. வாங்கி, கண்ணை மூடி, வாயில் போட்டு மென்றார். மொறுமொறுவென்று கடலைத் தோல் மாதிரி இருந்தது. பின்னால் கொஞ்சம் மண் வாசனை. ஒரு கால் கடைவாய்ப் பல்லில் மாட்டிக்கொண்டது.

மேஜையே கூச்சல் போட்டது. அக்கா நகர்ந்து இடம் விட்டாள். யாரோ முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்கள். மனைவியின் காரியம் முடிந்த அன்றைக்குப் பிறகு அவர் முதுகில் ஒரு கை படுவது அதுதான் முதல் தடவை.

அதன்பின் மதியம் ஆனால் வாக்கிடாக்கி கூப்பிடத் தொடங்கிவிட்டது. "மேல்வீடு, மேல்வீடு, இறங்கி வாங்க. இன்னைக்கு உங்களுக்குன்னு ஒண்ணு வந்திருக்கு."

வராத பண்டம் இல்லை. பூண்டு போட்டு வதக்கிய நத்தை வந்தது, ஊசியால் குத்தி எடுத்துத் தின்றார். எறும்பு முட்டை வந்தது, புளித்த வெண்ணெய் மாதிரி வாயில் உடைந்தது. குஞ்சு பாதி வளர்ந்த வாத்து முட்டையை ஓட்டோடு ஏந்திக் குடித்தார். பச்சைப் பூஞ்சணம் பிடித்த பாலாடைக்கட்டியின் நாற்றம் தாங்காமல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான், இவர் ரொட்டியில் தடவித் தின்றார். பட்டுப்புழுக் கூட்டை அவிழ்த்து எடுத்த புழுவை அவித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மேஜை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பிரிவிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அவருக்கு ருசியாகப் பட்டது ஒன்றுதான்: விழுங்கியபின் வருகிற அந்தச் சத்தம்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வாரம் தவறாமல் போன் பண்ணுவாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"தேளு."

"அப்பா, ஒரு கத்திரிக்காய்ப் புழுவுக்காக அம்மாவை என்ன பாடு படுத்தினீங்க நீங்க? இப்ப தேள் இறங்குதா? அம்மா மட்டும் இருந்திருந்தா அந்தத் தேளை விட்டே உங்களைக் கொட்டச் சொல்லியிருப்பா."

அவர் சிரித்தார். மகளும் சிரித்தாள். போனை வைத்ததும் சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் எழுந்து போய் ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்தார்.

புழு தின்ற நாட்களில் உதடு மரத்துப்போவதை முதலில் அவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு கையில் திட்டுத் திட்டாகத் தடித்தது. ஒருநாள் தொண்டை இறுகவும் கிடங்கின் நர்ஸிடம் போனார்.

"நண்டு இறால் உங்களுக்கு ஒத்துக்காதா?" என்று, அவர் தின்றதையெல்லாம் விசாரித்துவிட்டு நர்ஸ் கேட்டார்.

"தொட்டதே இல்லம்மா."

"தொட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அது ஆகாத பல பேருக்குப் பூச்சியும் ஆகாது. விளையாட்டில்ல இது. இனிமே ஒரு பூச்சி வாயில போகக் கூடாது. தொண்டை அடைச்சா ஆளையே கொண்டுபோயிரும்." தடிப்பு அடங்க ஒரு மாத்திரை கொடுத்தார். "இதப் போட்டா தூக்கம் வரும். போட்டுட்டு மேல ஏறாதீங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆட்டினாரே ஒழிய, கூண்டுக்குப் போய் யோசித்தபோது கணக்கு வேறு மாதிரி வந்தது. பூச்சி தின்னாத மேல்வீட்டுக்காரரை யார் கூப்பிடப்போகிறார்கள்? பழைய மாதிரி கண்ணாடிக்குள் உட்கார்ந்து, கீழே வழுக்கைத் தலைகளும் தொப்பிகளும் சேர்ந்து சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு ரொட்டியை மெல்ல வேண்டியதுதான். அதற்கு அவருக்குத் தைரியம் இல்லை. அதே மாத்திரையைக் கடையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாக்கிடாக்கி கூப்பிட்டதும் ஒன்றை விழுங்கிவிட்டு இறங்குவார். தின்பார். முதுகில் தட்டு வாங்குவார். ஏறுவார். புத்தி கெட்ட வேலைதான், அதற்குச் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தனியாகச் சாப்பிட்டுப் பழகாதவர்கள் அவரைத் திட்ட வரவேண்டாம்.

அது நடந்த மதியம் வெட்டுக்கிளியும் புழுவும் இரண்டும் வந்திருந்தன. மாத்திரையையும் வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாகப் போட்டிருந்தார். மேலே ஏறி, ஒரு மரப்பெட்டியைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் பம்பு. கயிற்றுக்காரர் கீழே நின்று கையை ஆட்டி வழிகாட்டிக்கொண்டே வந்தார். பிறகு முஷ்டியை மூடினார். மூடிய முஷ்டி என்றால் நிறுத்து.

முஷ்டி தெரிந்தது. அது முஷ்டிதான் என்று மண்டைக்குள் போய்ச் சேர நேரமாகிவிட்டது. நெம்புகோலை இழுப்பதற்குள் பெட்டி ஊஞ்சல் மாதிரி வீசிக்கொண்டு போய்க் கயிற்றுக்காரரின் தோளில் மோதி, அவரைப் பின்னால் கிடந்த சாக்குக் குவியலில் தள்ளியது. சாக்கு இல்லாமல் சிமெண்டுத் தரையாக இருந்திருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கும்.

இவர் இறங்குவதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். கயிற்றுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிய்யா ஆச்சு?"

"நான்தான் சார். கையை லேட்டாக் காட்டிட்டேன். மேல்வீட்டுக்காரர் மேல தப்பில்ல. அவர் கண்ணு கழுகுக் கண்ணு சார்."

இவர் வாயைத் திறந்தார். நாக்கு தடித்துக் கிடந்தது. மருந்தாலா பயத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டார். கயிற்றுக்காரரை நர்ஸ் அறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கவனக்குறைவு என்று கயிற்றுக்காரருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் இவர் ஏணியில் ஏறவில்லை. நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போய், பூச்சியையும் மாத்திரையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சூப்பர்வைசருக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. "கூண்டுச் சாவியை வைங்க மேஜையில" என்றார் கடைசியில். அந்த மருந்து உடம்பில் இல்லை என்று நர்ஸ் எழுதிக்கொடுக்கும்வரை கீழே லேபிள் ஒட்டுகிற வேலை. எச்சரிக்கை இவர் பெயருக்கு மாறியது. கயிற்றுக்காரர் பெயரை அடித்துவிட்டார்கள்.

மதியம் யாரும் வாக்கிடாக்கியில் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவர்தான் கீழேயே இருந்தாரே. மேஜை முன்னால் போய் நின்றார். அன்று ஏதோ கடல் பிராணி வந்திருந்தது. தட்டை அவர் பக்கம் தள்ளினார்கள்.

"எனக்கு ஆகாது. ரொம்ப நாளாவே ஆகல. மாத்திரை போட்டுத் தின்னுக்கிட்டிருந்தேன். நேத்து முஷ்டி தெரிஞ்சும் நிறுத்தாம விட்டது அதனாலதான்" என்றார்.

கயிற்றுக்காரர் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டிருந்தார். "நான் சார்கிட்ட பொய் சொன்னேன் உங்களுக்காக" என்றார்.

"தெரியும்."

"எதுக்குய்யா தின்னீங்க? எங்க கூட உக்கார விஷத்தத் தின்னணுமா? சும்மா வந்து உக்காந்தா எந்திரிச்சுப் போன்னா சொல்லியிருப்போம்?"

"தெரியல" என்றார் இவர்.

அவர் சும்மா வந்து உட்கார்ந்ததே இல்லை, அவர்களும் சும்மா கூப்பிட்டதே இல்லை. அக்கா தட்டை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் என்ன ஆகும் என்று அவர் பயந்தாரோ, அதுதான் ஆனது. இதில் யார்மேலும் குற்றம் இல்லை. யாரும் முகம் திருப்பிக்கொள்ளவில்லை, ஒரு கடுஞ்சொல் கிடையாது. பாலாடைக்கட்டி நாற்றத்துக்கு ஓடிப்போன ஃபோர்க்லிஃப்ட் பையன் ஒருநாள் சவாலுக்கு ஒரு மீன் கண்ணை விழுங்கினான். மேஜை கூச்சல் போட்டது. அவன் முதுகில் தட்டு விழுந்தது. பிறகு பொட்டலங்கள் அவன் பக்கம் போகத் தொடங்கின. இவர் பெஞ்சின் ஓரத்தில் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருப்பார்.

நர்ஸ் எழுதிக்கொடுத்து, சாவியும் திரும்பக் கைக்கு வந்தது. மறுபடி மேலே ஏறிய அன்று மதியம் கூண்டில் உட்கார்ந்து காத்திருந்தார். வாக்கிடாக்கி கரகரத்தது, ஆனால் லாரி எண்ணைத்தான் சொன்னது. கீழே மேஜை நிரம்பியது தெரிந்தது. டப்பாவைத் திறந்தார். மூடினார். பிறகு எழுந்து இறங்கினார். அந்த ஏணி அவ்வளவு நீளம் என்று அவருக்கு அதற்கு முன்னால் பட்டதில்லை.

ஓரத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இத்தனை மாதம் இதே பெஞ்சில் உட்கார்ந்தும் தான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாய் முழுக்க ஏதாவது இருந்துகொண்டே இருந்ததால் பேச வேண்டிய தேவையே வரவில்லை. பக்கத்தில் கயிற்றுக்காரர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று இவருக்குள் ஒரே குழப்பம். தொண்டையைச் செருமினார்.

"தோள் எப்படி இருக்கு?"

கயிற்றுக்காரர் மென்றுகொண்டே இருந்தார்.

"படுத்தா வலிக்குது" என்றார் கயிற்றுக்காரர். "அந்தப் பக்கமாத்தான் படுத்துப் பழக்கம்."

"இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா?"

"இந்தப் பக்கம் செவுருய்யா."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?" என்றார்.