இலையை வெளுத்த கதை

தொண்ணூறுகளில் வேலம்பாளையத்தில் அப்பாவுக்கு ஒரு ப்ளீச்சிங் பட்டறை இருந்தது. பழுப்பாக வரும் பனியன் துணியை வெளுத்து அனுப்புவது தொழில். நான் கோவையில் ஆராய்ச்சி மாணவி. ஆனைமலைக் காட்டு மரங்களின் இலைகளுக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளில், நோய்க்கிருமியைக் கொல்லக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். "எலைக்குள்ள பூசணமா கண்ணு?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா சிரிக்கவில்லை, கெடு வைத்தார். "பொங்கல் வரைக்கும் பாரு. ஒண்ணும் ஆகலீன்னா பட்டறை ஆபீசுல வந்து உக்காந்துக்க." அங்கே கணக்கு எழுதும் நாற்காலி ஒன்று எனக்காகக் காலியாகக் கிடந்தது.

இலையின் மேலே ஒட்டியிருக்கும் கிருமிகளை முதலில் ப்ளீச்சிங் தண்ணீரில் கொன்றுவிட வேண்டும். பிறகு நறுக்கிக் கண்ணாடித் தட்டில் வைத்தால், உள்ளே இருப்பது மட்டும் வெளியே வளரும். நான் அந்தத் தண்ணீரைப் பட்டறையிலிருந்தே கேனில் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் மகளுக்கு வெளுக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர் வேறு. இலை வெளிறும்வரை ஊறவைத்தேன். மாதக்கணக்கில் ஒரு தட்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை. காட்டைத்தான் திட்டினேன்.

கார்த்திகையில் ஒரு காலை, பட்டறையில் அப்பா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தொட்டியில் அதிக நேரம் கிடந்த துணியைத் தூக்கி இழுத்தார். நனைந்த காகிதம்போல் கிழிந்தது. "ப்ளீச்சிங் மருந்து நூலுக்குள்ளயே எறங்கி இத்துப் போச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்! மேலே இருப்பதைக் கொல்லப் போய், உள்ளே இருந்ததையும் சேர்த்துக் கொன்றிருக்கிறேன்.

உடுமலை பஸ் பிடித்து மறுபடி மலையேறி இலை பறித்து வந்தேன். இந்தத் தடவை ப்ளீச்சிங் தண்ணீரை நன்றாக நீர்க்கவைத்து, சட்டென்று முக்கியெடுத்தேன். இலையைக் கடைசியாக அலசிய தண்ணீரையும் தனியாக ஒரு தட்டில் ஊற்றி வைத்தேன். அதில் ஒன்றும் வளரவில்லை; மேலே எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். இலைத் துண்டின் ஓரத்திலோ பஞ்சுபோல் ஒரு பூஞ்சை எட்டிப் பார்த்தது. ஆய்வகத்தில் தனியாக நின்று அழுதேன்.

பொங்கலுக்கு முன்னால், கேன் தண்ணீரால் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டே அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். தட்டு முழுக்க நான் தடவிவிட்ட நோய்க்கிருமி படர்ந்திருந்தது. நடுவில் என் பூஞ்சை. அதைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் துடைத்ததுபோல் இருந்தது. அங்கே கிருமி அண்டவே இல்லை.

"இதுலிருந்து மருந்து வருமா?"

"இன்னும் நெறையப் பாக்கோணுங்கப்பா. வந்தாலும் வரும்."

தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நாற்காலிப் பேச்சையே எடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "இனிமே கேன் வேணும்னா சொல்லு கண்ணு. நானே பதமாக் கலந்து தாறேன்."