வண்டி என்றால் எந்த வண்டி

1972 ஆவணியில் நடந்த கூட்டம் அது. தேதி நிச்சயமில்லை, கிழமை செவ்வாய். அன்று காலை குன்றக்குடி போய் வந்த திருநீறு என் அண்ணன் நெற்றியில் இருந்தது.

காரைக்குடிப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்த சரக்கு ரயில் அறுபதுகளின் நடுவில் நின்றுவிட்டது. தண்டவாளத்தை ஒட்டி அண்ணன் வைத்திருந்த கடலை மில், என்றாவது ரயில் வரும் என்ற நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் அங்கே லாரி வராது. பாதையைச் செப்பனிட்டு மறுபடி ரயில் விடுவதா, ஊரின் மறுகோடியில் தார் ரோடு போடுவதா, இரண்டில் ஒன்றுதான் என்று சொல்லி ஊராரிடம் கேட்க ஓர் அதிகாரி வந்திருந்தார். ரோடு வந்தால் மில்லை மூடவேண்டியதுதான்.

லாரி வைத்திருந்த பாய் எழுந்தார். "ஒரு வேகன் நெறையிற வரைக்கும் சரக்கு காத்துக் கெடக்கணும். ரெண்டு மூட்டைக்காரன் என்ன செய்வான்?"

"ஒங்க லாரிய மட்டும் நம்புனா, நீங்க கேக்குறதுதானே வாடகை?" என்றார் அண்ணன்.

இருபக்கமும் சத்தம் ஏறியது. அதிகாரி பொறுமையிழந்தார். "சரக்கு ஏத்த வண்டி வேணும்கிறவங்க கை தூக்குங்க."

அண்ணன் கை முதலில் உயர்ந்தது. பாதிக் கூட்டத்துக்கு மேல் தூக்கியது. பாய் தூக்கவில்லை.

"நல்லது. அப்ப லாரிக்கு ரோடே போட்டுரலாம்."

எங்கள் ஊரில் வண்டி என்றால் ரயில்தான். மற்றவை லாரி, மாட்டுவண்டி. அண்ணன் பதறிப்போய் அதைச் சொன்னார்.

"கை தூக்கிட்டு இப்பப் பேச்சை மாத்துறீங்களா?" என்றார் அதிகாரி.

எல்லோரும் பாயைப் பார்த்தோம். அவர் வாய் திறக்காமல் இருந்தாலே போதும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அய்யா, அவுக சொல்றது நெசம். இங்க வண்டின்னா ரயிலு. இன்னொரு தடவ கேளுங்க."

இந்த முறை அதிகாரி தெளிவாகவே கேட்டார்: ரயிலா, ரோடா? ரயில் வேண்டுமா என்றால் யார் வேண்டாமென்பார்கள்? ரோட்டை விட்டுக்கொடுத்து வேண்டுமா என்பது வேறு கேள்வி. ரயிலுக்கு அண்ணன் கை உயர்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தார். முன்பு தூக்கியவர்களில் பலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோடு என்று முடிவாகி வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார். "சும்மா இருந்திருந்தாலும் ரோடு ஒங்களுக்குத்தானே பாய்?"

"நாளைக்கி ஒங்க மொகத்துல முழிக்க வேணாமாண்ணே?"

அண்ணன் மில் இருந்த பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "மிஷினக் கழட்டி ரோட்டுப் பக்கம் கொண்டுபோகணும். வண்டி அனுப்புங்க."

"எந்த வண்டி?" என்றார் பாய்.

அண்ணன் சிரிக்கவில்லை.