கடைசித் தாள் இல்லாத பேய்க் கதை

குண்டசாலை வீட்டு அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டையும் ஈரத்தாளும் கலந்த வாடை வந்தது. உள்ளே, மாதம் ஒரு பேய் நாவல் எழுதித் தள்ளியவரின் பழைய புத்தகம் ஒன்று கிடந்தது. கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இவர் நாவல்களை வாடகைக்கு விட்ட முருகையா அண்ணன், புத்தகம் திரும்பி வரவேண்டும் என்பதற்காகவே கடைசித் தாளைக் கிழித்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார்.

"பொஸ்தகத்த கொண்டு வா புள்ள, பேய் என்னாச்சுன்னு இங்கயே படிச்சுக்க."

ஆரம்பத்தில் புளியமரத்திலும், பிறகு டெலிபோனிலும், கடைசியில் லிஃப்டிலும் வந்த அந்த எழுத்தாளரின் பேய்களெல்லாம், மழைக்கு ஒதுங்கியவர்களின் குடைகளுக்கு நடுவே நான் நின்றபடி படித்த அந்த எண்ணெய் படிந்த தாள்களில்தான் அடங்கின.

இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று கடையை இடித்திருந்தார்கள். எழுதியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கதையில், கிணற்றடியில் முதுகு காட்டி நிற்கும் பெண் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.