எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும்

என் இடது முழங்கால் மடங்காது. ஸ்கூட்டர் விபத்து. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் கிளட்சே இல்லாத, கியர் தானாக மாறும் பழைய பிக்கப் ஒன்றைத் தேடி வாங்கினேன். அபிராமபுரம் வீட்டில் சமைத்து விசேஷங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறேன். பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போவேன்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. கை கியர் வண்டி வாங்கி டிரைவர் போடலாம் என்பார். போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகு அப்படித்தான் கிடந்தேன். கிண்டி வரை போகவேண்டும் என்றால்கூட, செருப்பைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து, யாருக்கு எப்போது நேரம் ஒழியும் என்று காத்திருப்பேன். ஒரு சண்டையில், இன்னொரு தடவை நடுரோட்டில் நின்றால் விற்றுவிடலாம் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னது. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அதனால்தான், கியர் மாறும்போது வண்டி லேசாக உதறியதும் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றிவிட முடிவு செய்தேன். மெக்கானிக்குகள் ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டதுமே கையை விரித்தார்கள். ஒரு சனிக்கிழமை கார் பார்க்கிங்கில் பாயை விரித்து, காலை நீட்டியபடி வண்டிக்கு அடியில் நானே போனேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கருகிய டிகாஷன் மாதிரி வழிந்தது. புதியதை ஊற்றினேன்.

இந்த ஆயிலின் அளவைப் பார்ப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. எஞ்சின் ஆயில் என்றால் வண்டியை அணைத்து, ஆறவிட்டு, அளவுக் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். இது நேர் எதிர். சமதரையில், வண்டி சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அணைத்துவிட்டால் மேலே போன ஆயில் கீழே இறங்கிவிடும், குச்சியில் கோட்டுக்கு மேல் காட்டும். நான் முறைப்படி பார்த்தேன். மாடியிலிருந்து ஒருவர் புகை வருகிறது என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன். அளவு சரியாக இருந்தது. மிச்ச ஆயிலை டின்னோடு சீட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் வடபழனியில் ஒரு வளைகாப்புக்கு மதியச் சாப்பாடு. தி.நகரில் பாலம் ஏறத் தொடங்கியதும் எஞ்சின் அலறியது. வண்டி நகரவில்லை. பின்னால் சாம்பார், பாயசம். அதற்கும் பின்னால் மொத்தத் தி.நகரும் ஹாரன் அடித்தது. இரண்டு பக்கமும் சுவர். இறங்கினால் நிற்கக்கூட இடமில்லை. பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"இன்னாக்கா, கிளட்ச் பூட்ச்சா?"

"கிளட்சே கிடையாது."

"கிளட்ச் இல்லாம இன்னா வண்டிக்கா அது? செகண்ட்ல போட்டு வுடு, தள்றோம்."

செகண்டும் கிடையாது என்று சொன்னேன். பாவம் போல என்னைப் பார்த்தார். ஆனால் அவரும் இன்னும் நாலு பேரும்தான் போக்குவரத்தை நிறுத்தி, வண்டியைப் பின்னோக்கி இறக்கிச் சமதரைக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் ஓட ஓட குச்சியை எடுத்துப் பார்த்தேன். நுனியில் மட்டும் ஈரம். அடியில் சொட்டுக்கூட ஒழுகவில்லை. கணவருக்கு போன் போட்டேன்.

"வண்டியத் தொட்டீங்களா?"

"காலைல பாத்தேன். ஆயில ஜாஸ்தியா ஊத்தி வெச்சிருந்த. டியூப் விட்டு உறிஞ்சி எடுத்தேன். ஏன்?"

"எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"எஞ்சின ஓட விட்டு யாராவது ஆயில் பாப்பாங்களா?"

குச்சியைத் திரும்பச் செருகினேன். அவரே கேட்டார், "நின்னுடுச்சா? நீ அங்கேயே இரு. நான் ஆள அனுப்புறேன்."

அந்த 'அங்கேயே இரு' என்ற வார்த்தையைக் கேட்டதும் போனை அணைத்தேன். டின்னை எடுத்து, நெய் ஊற்றும் புனலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவு பார்த்தேன். கையைச் சுட்டுக்கொண்டேன். வண்டி பாலம் ஏறியது. வளைகாப்புக்காரர்கள் பந்தியில் இலை போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் அவர் நல்லதுக்குத்தானே செய்தேன் என்றார். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்கும் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நின்றதா இல்லையா என்பதை மட்டும் சொல் என்றார். நின்றது என்றேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வண்டியை விலைக்குப் பார்க்க ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் நேராக பானட்டைத் திறந்தார். எஞ்சின் அணைந்திருந்தது. குச்சியை உருவி, "ஆயில் ஓவரா கீதே சார், கியர் பாக்ஸ்ல எதாச்சும் கோளாறா?" என்றார். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லலையா என்கிற பார்வை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கோளாறு என்று நினைத்து அந்த ஆள் போயிருப்பார். என்னால் முடியவில்லை. சீட்டில் ஏறி எஞ்சினைப் போட்டேன். சூடாகும்வரை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியராகத் தள்ளி, திரும்பவும் 'பார்க்' கியரில் போட்டேன். இப்போது பாருங்கள் என்றேன். அவர் குச்சியைத் துடைத்து, விட்டு எடுத்தார். சரியாகக் கோட்டில் நின்றது. ஆயில் சிவப்பாக இருந்தது. கணவரும் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. நிமிர்ந்து வந்தவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாங்க வந்தவருக்கு ஒரே சந்தோஷம். இப்படிப் பார்த்து வைத்திருக்கும் வண்டி கிடைக்காது, நானே எடுத்துக்கிறேன் என்றார்.

"எறங்கும்மா," என்றார் கணவர். "அவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவின் லாக்கை அழுத்தினேன். இறங்கவில்லை.