கொம்புப்பிடிக் கத்தி

என் கத்திகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வேன். திறக்கிற சத்தம் போதும். பங்களாவில் இருந்த பழைய துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சிப்பிப்பிடிப் பேனாக்கத்தி, நகம் கடிப்பதுபோல் மெல்லத் திறக்கும். நல்லதண்ணி ஊரில், யாத்திரைக்காரர்கள் மலை ஏறும் பருவத்துக் கடையில் வாங்கிய மீன் வடிவப் பித்தளைக் கத்தி முனகும். அட்டன் கடைத்தெருவில் வாங்கிய மரப்பிடி, மழைக்காலத்தில் ஊறிப்போய் ஊமையாகிவிடும். நான்காவது, தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமத்துக் கொல்லர் செய்தது. எருமைக்கொம்புப் பிடி. அலகைப் பிடித்திருக்கிற வில் அத்தனை கடினம். கட்டைவிரல் நகம் வலிக்க இழுத்தால், டக். கோழியின் கழுத்தைத் திருகும்போது வருகிற ஒற்றைச் சத்தம்.

எனக்கு அப்போது இருபது வயது. தேயிலைச் செடிகளின் தலையைக் கவ்வாத்து வெட்டும் வேலை. வெட்டுகிற கத்தி தோட்டத்துடையது. காலடியில் இருந்த மண்ணும், வரிசைவீடான லயத்தில் நான் படுத்த காம்பராவும் தோட்டத்துடையவை. என்னுடையது என்று விரல் மடக்கிச் சொல்ல இந்த நான்கு மடக்குக் கத்திகள் இருந்தன. தினம் ஒன்று இடுப்புமடிப்பில் ஏறும். பாக்கு வெட்ட, கயிறு அறுக்க, காலில் ஏறிய அட்டையைச் சுரண்டிப் போட. வேலை இல்லாவிட்டாலும் விரல் அங்கேதான் போய் நிற்கும்.

“என்ன தம்பி, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க?” என்பார் அட்டன் இரும்புக்கடை நானா.

“பொண்ணுன்னா இம்புட்டு நேரம் பாக்க விடுவாங்களா நானா?”

எங்களிடம் ஒரு வழக்கம். கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டோம். கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். கையோடு கொடுத்தால், கொடுத்தவர் மனதில் இருக்கிற பகை வாங்கியவருக்குப் போய்விடும் என்பார்கள். நான் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. ஆனாலும் கீழேதான் வைப்பேன்.

அந்த ஆடி மாதம் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. மூன்று வாரமாக வெயிலைக் காணோம். மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஈரம். வலி கண்டதும் மச்சான் மலையில் வேலையைப் போட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல், மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினார். கேட்காமல் போனதுதான் குற்றம்.

மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில், எல்லாரும் வரிசையாக நிற்க, வேலைக்குப் பெயர் கூப்பிடும் கங்காணி மச்சானின் பெயரில் நிறுத்தினார்.

“புள்ள பெத்தது நீயா, ஒம் பொண்டாட்டியா? இடுப்பு வலி தீந்த பெறகு வா. போ, போய்ச் சுக்குத் தண்ணி குடிச்சிட்டுப் படு.”

களம் சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். மச்சான் திரும்பி என்னை மட்டும் பார்த்தார்.

அன்று மாலை கொம்புப்பிடியை அக்காவின் பாய்க்கடியில் வைத்தேன். பச்சைக் குழந்தை இருக்கிற இடத்தில் முப்பது நாளைக்கு இரும்பு இருக்க வேண்டும். காற்று கறுப்பு அண்டாது. மச்சான் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“மாப்புள, இது எத்தன வெரக்கட?”

“நாலு இருக்கும் மச்சான். பலாக்காயே வெட்டலாம்.”

“நாலு போதும்,” என்றார். நான் அதற்கும் சிரித்தேன்.

இரண்டாம் நாளும் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாளும். கங்காணி தினம் ஒரு பகடி வைத்திருந்தார். மச்சான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடக்கூடத் திறக்கவில்லை என்றாள் அக்கா.

நான்காம் நாள் விடியுமுன் பெரட்டுக்குப் போகிற வழியில் அக்காவின் காம்பராவுக்குள் தலையை நீட்டினேன். அவள் பாயைப் புரட்டிப் போட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, கத்தி நீ எடுத்தியா?”

“இல்லையேக்கா.”

“புள்ள திடுக்குத் திடுக்குனு முழிக்குது. பாத்தா அடியில ஒண்ணுமில்ல. அவரும் இல்ல.” மறுபடி பாயைப் புரட்டினாள். “ஏதாவது பண்ணிட்டாருன்னா அவரப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. பேர வெட்டிட்டா காம்பராவும் போயிரும். பச்ச ஒடம்போட இதத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?”

ஓடினேன். பனி எதிரே வந்து முகத்தில் மோதியது. களத்தில் ஆட்கள் கம்பளிக்குள் ஒடுங்கி நின்றார்கள். தலையும் காலும் இல்லாத கறுப்பு மூட்டைகள். எவர் எவரென்று தெரியவில்லை. நடுவில் கங்காணியின் குரல் மட்டும் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மச்சானை எங்கே தேடுவேன்?

டக்.

இடப்பக்கம், நிழல்மரத்தின் பின்னால். வேறு யாரும் திரும்பவில்லை. அது யாருக்கும் ஒரு சத்தமே இல்லை. எனக்கு மட்டும் அது கொம்புப்பிடி.

மரத்தைச் சுற்றிப் போனேன். கம்பளிக்குள் அவர் வலது கை. கண்கள் கங்காணியின் முதுகில். இடையில் பத்தடி. கங்காணியின் பெயரை எடுத்தால் தீ பற்றிவிடும் என்று ஏதோ ஒன்று சொல்லிற்று.

“மச்சான், புள்ள தூங்க மாட்டேங்குது. திடுக்கிட்டு முழிக்குதாம். பாய்க்கடியில இரும்பு இல்லையாம்.”

அசையவில்லை.

“நாலு நாப் புள்ள மச்சான். வெறும் பாயில கெடக்கு.”

அவருடைய மூச்சு பனியில் புகைந்து புகைந்து நின்றது. கம்பளி விலகிக் கை வெளியே வந்தது.

“கீழ வைங்க, நான் எடுத்துக்கிறேன்,” என்றேன்.

கீழே மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனியவில்லை. பிடியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கொம்பு சுட்டது. நான் அலகை மடக்கி இடுப்பில் செருகினேன்.

அப்போது மச்சானின் பெயர் வந்தது. “எங்க, பெத்த தாயக் காணோம்?” என்றார் கங்காணி. நான்காம் நாளும் களம் சிரித்தது. மச்சான் லயத்துப் பாதையில் இறங்கிப் பனிக்குள் போனார். பாரம் இறக்கிவைத்தவரின் நடை அது.

அடுத்தடுத்துப் பெயர்கள். என் பெயர். முன்னால் போய் நின்றேன். கங்காணியின் தாடையில் பழுத்த ஒரு சின்னப் பரு; வெற்றிலைச் சிவப்பான உதடு; மேலே பித்தானிடாத கோட்டு; அதற்குள் ஏறி இறங்குகிற சட்டை. இத்தனையையும் நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

டக்.

கங்காணி தலை நிமிர்ந்தார். “என்னடா சத்தம்?”

என் கம்பளிக்குள் கட்டைவிரல் நகம் வலித்தது.

“ஒண்ணுமில்லீங்க. ஒடம்புக்கு முடியல. இன்னைக்கி வேலைக்கி வரல.”

“ஓ, ஒனக்கும் இடுப்பு வலியா?”

திரும்பி நடந்தேன். லயம்வரை திறந்த அலகை விரலால் அழுத்திப் பிடித்தபடியே போனேன். நிலைப்படியில் மச்சான் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போய், கத்தியை மடக்கிப் பாய்க்கடியில் தள்ளிவிட்டேன். அக்கா என் கையைப் பார்த்தாள். இரத்தம் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது.

“யாரு எடுத்தது?”

“நாந்தான்க்கா எடுத்தேன்,” என்றேன். அது அப்போது பொய்யாக இல்லை.