கழுத்து திரும்பாத வளைவில்

இரண்டு வருடங்களுக்கு முன், மலையில் மிளகு பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த தை மாதத்துக் காலை அது. கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கணவர் மரவள்ளியும் மிளகும் விவசாயம் பார்க்கிறார். நான் லோடு வண்டி ஓட்டுகிறேன். குட்டி யானை என்று எல்லோரும் சொல்வார்களே, அந்தச் சின்ன வண்டி. ஊரில் விளைகிற கிழங்கையும் மிளகையும் மலை இறக்கி சேந்தமங்கலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் லோடு வண்டியோடு மலை இறங்குவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நான் லைசென்ஸ் எடுத்தபோது சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு அடங்கும் அளவுக்கு ஓட்டிக் காட்டியிருந்தேன்.

அந்தத் தைக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே கழுத்து வலித்துக்கொண்டிருந்தது. முதலில் பிடரியில் ஒரு இறுக்கம், அவ்வளவுதான். தைலம் தேய்த்தால் அடங்கிவிடும். பிறகு வலி தோள்பட்டைக்கு இறங்கியது. தலையணை தாழ்வாக இருக்கிறதோ என்று இரண்டு தலையணை வைத்துப் படுத்துப் பார்த்தேன். காலையில் இன்னும் மோசமாக எழுந்தேன். வேலை செய்கிற உடம்பு என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வண்டி நிறைய கிழங்கு மூட்டை. பாதி மலை இறங்கியிருப்பேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து ஏதாவது வருகிறதா என்று வலது பக்கம் திரும்பினேன். கழுத்து அப்படியே பூட்டிக்கொண்டது. பிடரியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வலி கை வழியாக விரல் நுனிவரை ஓடியது. அதே நேரத்தில் கீழேயிருந்து ஏறி வந்த ஒரு பைக், பக்கவாட்டுக் கண்ணாடியை உரசுவதுபோல என்னைக் கடந்து போயிற்று. அது வந்ததையே நான் பார்க்கவில்லை. பைக்கில் அப்பாவும் அம்மாவும் நடுவில் ஒரு குழந்தையும் இருந்தது, அவர்கள் தாண்டிப் போன பிறகுதான் தெரிந்தது.

வளைவைத் தாண்டிய கையோடு பிரேக்கை அழுத்தி ஓரமாக நிறுத்தினேன். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி முன் டயருக்குக் கல் வைத்தேன். அந்தக் கல்லைப் பிடிக்கும்போதுதான் வலது கை விரல்கள் மரத்துப்போயிருப்பது தெரிந்தது. கல்லின் சொரசொரப்பே தெரியவில்லை.

பின்னால் நாமக்கல் போகும் பஸ் வந்து நின்றது. சாலை குறுகல், என் வண்டியைத் தாண்டி அதனால் போக முடியாது. ஹாரன் மேல் ஹாரன். கண்டக்டர் இறங்கி வந்தார்.

“ஏம்மா, மெதுவா நாலு வளைவு எறக்கிடுங்க. கீழ போயி பாத்துக்கலாம்.”

“கழுத்து திரும்பலீங்க. கையும் மரத்துப்போச்சு. இதுக்கு மேல நான் ஓட்ட மாட்டேனுங்க” என்றேன்.

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல், “இதுக்குத்தான் பொம்பளைங்களுக்கு வண்டி எதுக்குங்கறது” என்றது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அந்த ஒரு பேச்சுக்காகவே வண்டியில் ஏறி உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது உண்மை. ஆனால் பைக்கில் போன அந்தக் குழந்தையின் தலை கண் முன்னாலேயே நின்றது. சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அதற்குள் பஸ் டிரைவரே இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் அவரைப் பார்ப்பதற்கு உடம்பு மொத்தத்தையும் திருப்பியதைக் கவனித்திருக்கிறார். திட்ட வந்தவர் குரல் மாறிவிட்டது.

“ஓட்ட முடியலைன்னு தெரிஞ்சு நிறுத்துனீங்க பாருங்க, அது போதுமுங்க. எனக்கும் இப்படி வந்து ரெண்டு மாசம் ஊட்ல கெடந்தேன். வெக்கப்படாதீங்க கண்ணு” என்றார்.

பஸ்ஸில் இருந்த ஒருவர் லாரி ஓட்டுபவர். டிரைவர் கேட்டுக்கொண்டதும் அவர் வந்து என் வண்டியை எடுத்தார். என்னை பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். சேந்தமங்கலத்தில் பஸ்ஸை ஆஸ்பத்திரி ஓரமாக நிறுத்தி, “நேரா உள்ள போங்க, ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாரேன்னு கெளம்பிராதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மனிதர் வண்டியை எடுத்தார். அவர் பெயர்கூட நான் கேட்கவில்லை.

டாக்டர் நிறையக் கேட்டார். கீழே விழுந்தீர்களா, காய்ச்சல் உண்டா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, சட்டைப் பட்டன் போடச் சிரமமாக இருக்கிறதா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கைகளை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி பலம் பார்த்தார். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். கழுத்து எலும்பில் கொஞ்சம் தேய்மானம், கைக்குப் போகும் நரம்பு ஒன்று லேசாக அழுந்துகிறது, ஆபரேஷன் எல்லாம் தேவைப்படாது என்றார். “பெரும்பாலான கழுத்து வலி தசையில வர்றதுதாம்மா. நாம உக்கார்ற விதம், தூக்கற விதம், படுக்கற விதம். நான் கேட்டேனே, அதுல ஒண்ணு இருந்தாலும் கத வேற. அப்ப ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது” என்றார்.

அடுத்து பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. காலையிலிருந்து இரவு வரை என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். லாரிக்காரர் கொண்டுவந்து விட்ட வண்டி வெளியேதான் நிற்கிறது என்றதும், “வாங்கக்கா, பாத்துடலாம்” என்று எழுந்துவிட்டாள்.

ஓட்டுவதுபோல உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். பக்கவாட்டில் நின்று தன் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதுகு சீட்டில் படவே இல்லை. விளிம்பில் உட்கார்ந்து, ஓட்டிலிருந்து தலையை நீட்டுகிற ஆமைபோல முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டியாக வாங்கியது அது. நான் குள்ளம். சாய்ந்து உட்கார்ந்தால் வளைவில் ரோடு தெரியாது.

“தலை கழுத்துக்கு நேர் மேல இருக்கற வரைக்கும் பாரமே தெரியாதுக்கா. முன்னால நீட்ட நீட்ட, பிடரித் தசைதான் நாள் முழுக்க இழுத்துப் புடிச்சுட்டு நிக்கணும்” என்றாள். சீட்டு மட்டுமல்ல. லோடு கேட்டு யாராவது போன் செய்தால் வேலையை நிறுத்தாமல் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவேன். விறகையும் தண்ணீரையும் தலையில் தூக்குவேன். போதாததற்கு அந்த இரண்டு தலையணை. ஒவ்வொன்றாக அவள் கேட்கக் கேட்க, இந்தக் கழுத்து இத்தனை நாள் தாங்கியதே பெரிது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். திட்டியிருந்தால்கூட சமாளித்திருப்பேன். அவர் அன்பாகப் பேசினார். “வண்டியக் குடுத்துருவோம் சாமி. காடு இருக்குதில்ல, கஞ்சிக்கு என்ன கொற?”

“கழுத்து சரியாகட்டும் மாமா. ஓட்டறதா வேண்டாமான்னு அப்பறம் நானே சொல்றேனுங்க” என்றேன். அதற்கு மேல் யாரையும் பேச விடவில்லை.

செம்மேட்டிலிருந்து ஒரு டிரைவரைப் பிடித்து வண்டியை அவரிடம் விட்டேன். தண்ணீரும் விறகும் கணவர் பொறுப்புக்குப் போயிற்று. நான் என் கழுத்தோடு மல்லுக்கு நின்றேன். தாடையை உள்ளே இழுத்துப் பிடித்து விடுவது, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் தள்ளுவது, தோளைப் பின்னால் சுழற்றுவது. அடுப்படியில் நின்று செய்வேன், மிளகு காயப்போடும்போது செய்வேன். பார்த்தவர்கள் எனக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்றுகூடக் கேட்டார்கள். முதல் இரண்டு வாரம் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஒருநாள் வலது பக்கம் திரும்பவே முடியாமல் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து மறுபடி செய்தேன்.

கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்ப்பார். நான் ஒரே இடத்தில் நேராக உட்கார்ந்திருப்பேன். அவர் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். மறுநாள் தன் முறத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் முந்தின நாளைவிட நான் கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குப் பல நாள் தெரியவில்லை. ஒருநாள் தோளுக்கு நேராக அவரைத் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். அப்போதுதான் புரிந்தது.

சேந்தமங்கலத்தில் வண்டி சீட்டு தைக்கும் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். “இது ஆறடி ஆளுக்குப் போட்ட சீட்டும்மா, நீங்க எப்படி ஓட்டுனீங்க?” என்று தலையில் கை வைத்தார். என்னை உட்கார வைத்து அளவு பார்த்து, சீட்டை உயர்த்தி, முன்னால் தள்ளி, இடுப்புக்கு அணை வைத்துத் தைத்துக் கொடுத்தார். முதல் தடவையாக என் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தேன்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் நானே ஓட்டிக்கொண்டு மலை ஏறினேன். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு வளைவிலும் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் வந்து இறங்கும்போது, “நாளைக்கு நம்ம மொளகையும் ஏத்திக்க” என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் டம்ளரைக் கை நழுவவிட்டார். கொஞ்ச நாளாகவே பிடரி வலி என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர். வாசலில் நடந்தபோது கால் பின்னியது. வீட்டார், கழுத்தை ஒரு சொடுக்கு சொடுக்கிவிடுகிற ஆள் ஒருவரிடம் கூட்டிப்போகக் கிளம்பினார்கள். எனக்கு டாக்டர் கேட்ட கேள்விகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. “அக்கா, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியுதுங்களா?” என்றேன். “பத்து நாளா மகதான் மாட்டி உடறா கண்ணு” என்றார்.

“கழுத்துல யாரும் கை வெக்கக் கூடாது. வண்டில ஏறுங்க” என்றேன். வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். ஏற்றியிருந்த மூட்டைகளை நானே இறக்கி வைத்தேன். அக்காவை உட்கார வைத்து, குலுங்காமல் மலை இறக்கி, ஆஸ்பத்திரி சேர்த்தேன். தண்டுவடமே அழுந்திக்கொண்டிருக்கிறது என்று சேலத்துக்கு அனுப்பி ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பார் என்றார்கள். இரண்டு விரல்களில் இன்னும் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. ஆனால் தன் காலால் நடந்து காட்டு வேலைக்குப் போய் வருகிறார்.

இப்போது மலையில் யாராவது என்னிடம் “சும்மா கழுத்து வலிதாங்க” என்று சொன்னால், அது எதனால் வந்தது என்று நின்று கேட்காமல் என்னால் வண்டியை நகர்த்த முடிவதில்லை.